கேட்ட பிறகு பேசாமல் இருப்பது

1. வான் நின்ற கிழமை

எங்கள் வான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருதனார்மடம் சந்தியில் நின்றுவிட்டது. சந்தைக்கு மரக்கறி ஏற்றி வந்த சைக்கிள்களும் பஸ்களும் இரண்டு பக்கமும் மணியும் ஹோர்னும் அடிக்க, நானும் சாரதியும் இரக்கப்பட்டு வந்த நாலு பேரும் சேர்ந்து ஆஞ்சநேயர் கோயில் பக்கமாகத் தள்ளி ஓரங்கட்டினோம். கராஜ்காரர் வந்து மூடியைத் திறந்து பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

"அண்ணை, எஞ்சின் இறுகிட்டுது. இனி இதுக்குச் செலவழிக்கிறது வீண் வேலை. விட்டிடுங்கோ" என்றார்.

விட்டுவிடக்கூடிய வான் அல்ல அது. எங்கள் தொண்டு நிறுவனம் பாரிசவாதம் வந்து படுக்கையில் விழுந்தவர்களுக்கு அவர்கள் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி கொடுக்கிறது. எங்கள் பிசியோ மதுரா, ஊன்றுகோல், நடைச்சட்டம், மெத்தை, மெஷின் எல்லாவற்றையும் அந்த வானில் போட்டுக்கொண்டு ஒரு நாளில் எட்டு வீடுகள் போய் வருவா. வான் இல்லாமல் பஸ்ஸில் போனால் இரண்டு வீடுதான். அதுவும் கையில் தூக்கக்கூடிய சாமானோடு மட்டும்.

அந்த எட்டு வீடுகளில் ஒன்று சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு தோட்டக் கிராமத்தில் இருந்தது. தங்கராசா என்ற வெங்காயத் தோட்டக்காரர். வலது பக்கம் முழுவதும் விழுந்து மூன்று மாதம். மதுரா அவரை மெல்ல மெல்ல எழுப்பி, பிடித்து நிற்க நாட்டிய இரண்டு குழாய்களுக்கு நடுவே நிற்க வைத்திருந்தா. முதல் அடி வைக்கிற கட்டம். "இப்ப விட்டா கால் இறுகிப்போகும் அண்ணை, பேந்து எழுப்புறது பெரிய பாடு" என்று மதுரா என்னிடம் சொன்னா. எஞ்சினும் இறுகி, காலும் இறுகுமென்றால் பழி என் தலையில்தான் விழும்.

ஏனென்றால் நிதி சேகரிப்புக்குப் பொறுப்பு நான். பெயர் கனகலிங்கம், எல்லோருக்கும் கனகண்ணை. முப்பது வருடம் இதே வேலை. இப்போது ஓய்வு. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். என் சாமர்த்தியத்தைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் சொல்லப் பெறுமதியானது என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுடைய சாமர்த்தியம். அதைத்தான் எழுதுகிறேன்.

2. மூன்று நாள் பயிற்சி

வான் நின்ற அதே கிழமை எங்கள் செயலாளர் ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். தொண்டு நிறுவனங்களுக்கு நிதி சேகரிப்பவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நானும் வாசுகியும் போகவேண்டும்.

"சேர், வான் இல்லாமல் நிக்கிறம். இப்பவோ பயிற்சி?" என்றேன்.

"இப்பதான். நீர் முப்பது வருசமாக் கேட்டு, எங்களட்டை இருந்தது அந்தப் பழைய வான் மட்டுந்தான்" என்றார் அவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வாய் கொஞ்சம் கூர்மை.

வாசுகி எங்களிடம் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னர் பதினைந்து வருடம் சுன்னாகத்தில் ஒரு புடைவைக் கடையில் நின்றவ. அவவை வேலைக்கு எடுத்தபோது எனக்கு உடன்பாடில்லை. சீலை விற்கிறதும் தர்மத்துக்குக் கேட்கிறதும் ஒன்றா என்று நானே செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். இதை எழுத எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

பயிற்சி தந்தவ சுபத்திரா. பருத்தித்துறைக்காரி, கொழும்பில் இருபது வருடம் இதே துறையில் இருந்தவ. முதல் நாள் முழுவதும் பலகையில் முக்கோணம் கீறி, கொடையாளர் படிநிலை, நன்றிக் கடிதம், பின்தொடர்தல் என்று விளங்கப்படுத்தினா. நான் பின் வரிசையில் இருந்து கைபேசியில் வான் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் நடித்துக் காட்டுகிற பயிற்சி. சுபத்திரா கொடையாளராக இருப்பா. நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்கவேண்டும். மூத்தவர் என்று என்னை முதலில் கூப்பிட்டார்கள். நானும் நல்ல எடுப்பாகத்தான் போனேன். சுகம் விசாரித்தேன், ஊர் விசாரித்தேன், நோயாளிகளின் நிலையை உருக்கமாகச் சொன்னேன், "எங்களுக்கு ஒரு வான் வேணும்" என்றும் கேட்டேன். பிறகு சொன்னேன், "வசதிப்பட்டாப் பாருங்கோ. ஏலாட்டிலும் பரவாயில்லை."

சுபத்திரா கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தா. "ஐயா, வான் வேணும் எண்டு கேட்டதுக்கும் ஏலாட்டிலும் பரவாயில்லை எண்டதுக்கும் இடையிலை எத்தினை செக்கன் தெரியுமோ?"

"தெரியாது."

"ரெண்டு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அதன் பிறகு எழும்பிப் போன ஒவ்வொருவரும் அதையேதான் செய்தார்கள். சுபத்திரா அவர்கள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதிக்கொண்டு வந்தா. 'சும்மா சொல்லி வைப்பம் எண்டுதான்.' 'அவசரம் இல்லை, ஆறுதலாப் பாருங்கோ.' 'இல்லாட்டிலும் குறை நினைக்க மாட்டம்.' பத்துப் பேர், பத்து விதம், எல்லாம் ஒரே சங்கதி. பலகை நிறைந்துவிட்டது.

"உலகத்திலை எங்கை போனாலும் கேட்டிட்டுப் பேசாமல் இருக்கிறது கஷ்டந்தான். ஆனா எங்கடை ஆக்கள் மாதிரி நான் ஒரு இடத்திலும் காணேல்லை. கதவைத் தட்டிறதும் நாங்கள், உள்ளுக்கை இருக்கிறவருக்குப் பின் கதவைத் திறந்து விடுறதும் நாங்கள்" என்றா சுபத்திரா.

எனக்குக் கோபம் வந்தது. "அது மரியாதை, பிள்ளை. ஒருத்தரை அவற்ரை வீட்டிலையே வைச்சு இல்லை எண்டு சொல்ல வைக்கிறது சரியில்லை" என்றேன்.

"மரியாதைதான் ஐயா. ஆருக்கு மரியாதை எண்டதுதான் கேள்வி" என்றா.

கடைசியாக வாசுகி போனா. அதிகம் உருகவில்லை. தங்கராசா என்ற ஒருவரைப் பற்றி நாலு வசனம் சொன்னா. "ஒரு வான் வேணும். நீங்கள் எடுத்துத் தருவீங்களோ?" என்று கேட்டா. கேட்டுவிட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தா. முகம் இறுகவில்லை, கண் தாழவில்லை. பேசாமல் இருந்தா, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது. கொடையாளராக நடித்த சுபத்திராவே கடைசியில், "எவ்வளவு முடியும்?" என்று வாயைத் திறந்தா.

தேநீர் நேரத்தில் எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"சீலையை விரிச்சாப் பிறகு நாங்கள் கதைக்கப்படாது அண்ணை. அவை அந்தச் சீலையோடை மனதுக்குள்ளை கதைச்சுக்கொண்டிருப்பினம். நாங்கள் குறுக்கை போனா எழும்பிப் போயிடுவினம்" என்றா வாசுகி. பதினைந்து வருடம் கடையில் நின்று படித்த படிப்பு. அந்தப் பயிற்சி அதற்கு ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவே.

3. உடுப்பிட்டி வீடு

லண்டனில் இருக்கிற ஞானசேகரம் தாயார் இறந்து ஒரு வருடமாகிற ஆட்டைத் திவசத்துக்காக உடுப்பிட்டிக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். தாயார் பாரிசவாதம் வந்து நாலு வருடம் படுக்கையில் கிடந்து போனவ. அவ பெயரில் ஏதாவது செய்ய விரும்புவதாக அவரே தூரத்து உறவினர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

வாசுகியின் ஸ்கூட்டியில் பின்னால் குந்திக்கொண்டு போனேன். இந்த வயதில் அந்தக் காட்சியை அச்சுவேலிச் சந்தியில் பார்த்த என் பழைய சிநேகிதர் ஒருவர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார். வழியில் வாசுகி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னா.

"அண்ணை, நான் கேக்கிறன். கேட்டாப் பிறகு நீங்கள் கதைக்கக்கூடாது."

"நானென்ன சின்னப் பிள்ளையே?" என்றேன்.

வீட்டில் நல்ல வரவேற்பு. ஞானசேகரத்தின் தமக்கை இராசமணி வடையும் தேநீரும் கொண்டுவந்து வைத்தா. தாயாரைக் கடைசிவரை பார்த்தவ அவதான். கலியாணம் செய்யவில்லை. அதிகம் பேசாத மனுசி. கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா. ஞானசேகரம் லண்டன் குளிரைப் பற்றியும் கோயில் திருவிழாவைப் பற்றியும் கதைத்தார். வாசுகி வடையைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்து, தங்கராசாவைப் பற்றிச் சொன்னா. பிறகு கேட்டா.

"உங்கடை அம்மாவின்ரை பேரிலை எங்களுக்கு ஒரு வான் எடுத்துத் தருவீங்களோ அண்ணை?"

பேச்சு நின்றது. காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. ஞானசேகரம் சுவரில் மாலை போட்டிருந்த தாயாரின் படத்தைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். நான் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மனுசனுடைய முகம் படுகிற பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை.

"உடனை எண்டில்லைத் தம்பி" என்று என் குரல் எனக்கே கேட்டது. "ஏலாட்டிலும் பரவாயில்லை. ஒரு வீல் செயர் எண்டாலும் பெரிய உதவி."

ஞானசேகரம் நிமிர்ந்தார். முகம் வெளித்துவிட்டது. "ஓமோம், அது செய்யலாம். நல்லதா ஒரு வீல் செயர் வாங்கித் தாறன். அம்மாவின்ரை படத்தோடை ஒரு பனர் அடிச்சு, அந்த ஐயாவை அதிலை இருத்தி ஒரு போட்டோ எடுப்பம். அங்கை சொந்தக்காரருக்கு அனுப்ப வேணும்."

வாசுகி என்னைப் பார்க்கவில்லை. அவரிடம் நன்றி சொல்லி எழும்பினா.

திரும்பும் வழியில் அச்சுவேலி தாண்டும்வரை அவ வாய் திறக்கவில்லை. பேசினால் நல்லது, திட்டினால் இன்னும் நல்லது என்று நினைத்துக்கொண்டு பின்னால் இருந்தேன். கடைசியில் நானே, "பிழை விட்டிட்டன் வாசுகி" என்றேன்.

"பிழையெண்டில்லை அண்ணை. நீங்கள் அவரிலை இரக்கப்பட்டிட்டியள். அவர் முன்னாலை இருந்தவர். தங்கராசண்ணை முன்னாலை இருக்கேல்லை" என்றா. குரலில் துளி கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் எனக்குள் கிடக்கிறது.

4. வேண்டாம் என்ற வாசுகி

அடுத்த நாள் வாசுகி தங்கராசா வீட்டுக்குப் போய்ப் போட்டோ விஷயத்தைச் சொன்னா. பயிற்சியில் மூன்றாம் நாள் அதையும் படிப்பித்திருந்தார்கள்: நோயாளியிடம் கேட்காமல் படம் எடுக்க வாக்குக் கொடுக்கக்கூடாது. மதுரா அங்கே போய் ஒன்பது நாளாகியிருந்தது. தங்கராசா கட்டிலில் கிடந்தார். தானாக எழும்பப் பார்த்து முந்தின நாள் விழுந்திருக்கிறார், நெற்றியில் காயம். மனைவி புவனம் அழுதுகொண்டு நின்றிருக்கிறா.

தங்கராசா கேட்டுவிட்டுச் சொன்னாராம், "தங்கச்சி, தாறவருக்குக் குறை சொல்லேல்லை. ஆனா அதிலை இருந்து படம் எடுத்தா நான் இனி எழும்ப மாட்டன் எண்டு ஊருக்குச் சொன்ன மாதிரி."

வாசுகி அலுவலகத்துக்கு வந்து, தண்ணீர் குடித்து, ஞானசேகரத்துக்குப் போன் எடுத்தா. நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"அண்ணை, நீங்கள் தாறன் எண்டதுக்கு நன்றி. ஆனா எங்களுக்கு வீல் செயர் வேண்டாம். எங்களட்டை மூண்டு சும்மா கிடக்கு. தங்கராசண்ணை நடக்கப் பாக்கிறார். நீங்கள் லண்டனுக்குப் போக முந்தி ஒருக்கா வந்து பாருங்கோ. படம் எடுக்க இல்லை, பாக்க."

சொல்லிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தபடி இருந்தா. நான் எழும்பி அலுமாரிப் பக்கம் போய்விட்டேன். இன்னொரு தடவை என்னை நம்ப நான் தயாரில்லை.

"அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வாசுகி கடைசியில் சொன்னது கேட்டது.

செயலாளருக்கு விஷயம் போனதும் தலையில் கையை வைத்தார். "தாறதை வேண்டாம் எண்டு சொல்லவோ மூண்டு நாள் படிப்பிச்சது?" என்று என்னிடம் கேட்டார். முப்பது வருடத்தில் நான் ஒரு பொருளையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பழுதான தையல் மெஷின்கூட வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லவும் ஒரு நெஞ்சு வேண்டும். அது வாசுகியிடம் இருந்தது.

5. வெங்காயக் கொட்டில்

வெள்ளிக்கிழமை காலை ஞானசேகரமும் இராசமணியும் தங்கராசா வீட்டில் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மதுராவை நானே இன்னொரு ஓட்டோவில் சாமானோடு கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசுகி ஸ்கூட்டியில் வந்திருந்தா.

தங்கராசாவின் வீட்டு அறைகள் சிறியவை. அதனால் வெங்காயம் பிடி பிடியாகக் கட்டித் தொங்கவிடுகிற கொட்டிலில்தான் மதுரா அந்த இரண்டு குழாய்களையும் நிலத்தில் நாட்டுவித்திருந்தா. தலைக்கு மேலே வெங்காயம், கீழே மண் தரை. மதுரா அவருடைய இடுப்பில் பட்டி கட்டினா. பின்னால் நின்று அதைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் தந்தா.

"எழும்புங்கோ ஐயா. மூக்கை முன்னுக்குக் கொண்டு வாங்கோ. ஓம். இப்ப எழும்புங்கோ."

தங்கராசா எழும்பினார். இடது கையால் குழாயைப் பிடித்தபடி நின்று நடுங்கினார். பத்து நாள் இடைவெளி காலில் தெரிந்தது. வலது கால் நிலத்தில் இழுபட்டு ஒரு சாண் முன்னே வந்தது. பிறகு இடது கால். வியர்வை கழுத்தால் ஓடியது. ஒருவரும் கை தட்டவில்லை. கை தட்டுகிற விஷயமாக அது இருக்கவில்லை.

இராசமணி முன்னுக்கு வந்தா.

"பிள்ளை, இப்பிடி ஆரும் வந்திருந்தா எங்கடை அம்மாவும் எழும்பியிருப்பாவோ?" என்று மதுராவைக் கேட்டா.

மதுரா தங்கராசாவின் முழங்காலில் கையை வைத்தபடி சொன்னா. "தெரியாதம்மா. நான் அவவைப் பாக்கேல்லை. ஆனா முதுகிலை புண் வராமல் காப்பாத்தியிருக்கலாம்."

இராசமணி தலையை ஆட்டினா. முதுகுப் புண்ணை நாங்கள் ஒருவரும் அவவுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை என்று தெரிந்தது.

வாசுகி அப்போது ஞானசேகரத்திடம் திரும்பினா. "அண்ணை, மதுரா கிழமைக்கு மூண்டு தரம் இஞ்சை வந்தால் இவர் நடப்பார். அதுக்கு வான் வேணும். எடுத்துத் தருவீங்களோ?"

மறுபடி அந்த மௌனம். நான் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கையும் பல்லுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞானசேகரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். நேரம் போனது. நான் பேசவில்லை. சத்தியமாகப் பேசவில்லை.

பேசியவர் தங்கராசா. குழாயில் தொங்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, வந்தவருடைய சங்கடத்தைப் பார்க்க ஏலாமல், கோணிய வாயால் சொன்னார். "தம்பி, ஏலாட்டில் பரவாயில்லை. நான் எப்பிடியும் சமாளிப்பன்."

வாசுகிக்குக் கண் கலங்கியதை அன்றுதான் கண்டேன்.

ஞானசேகரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன்னர் இராசமணி பேசினா. சத்தம் போடவில்லை. ஆனால் கொட்டில் முழுவதும் கேட்டது.

"தம்பி, நாலு வருசமும் நீ ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்து, ஏதும் வேணுமோ அக்கா எண்டு கேட்டனி. நானும் ஒவ்வொரு கிழமையும் பரவாயில்லை எண்டனான். எனக்கு ஏலாமல்தான் இருந்தது. அம்மாவைத் திருப்பிப் போடக்கூட என்னாலை ஏலாது. நான் சொல்லேல்லை. நீயும் நம்பியிட்டாய்."

ஞானசேகரம் தமக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தங்கராசாவிடம் போய், அவருடைய விழுந்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா, நீங்கள் இருங்கோ. களைச்சுப்போனியள்" என்றார். வாசுகியிடம் திரும்பி, "வான் நான் எடுத்துத் தாறன். என்ன மாதிரி வான் எண்டதை அந்தப் பிசியோப் பிள்ளையே சொல்லட்டும்" என்றார்.

6. பிறகு நடந்தது

பயணத்தைப் பத்து நாள் தள்ளிப் போட்டு, மதுராவோடு நாலு இடம் அலைந்து, படி தாழ்வான ஒரு வானைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஞானசேகரம் விமானம் ஏறினார். வானின் பக்கத்தில் தாயாரின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. தங்கராசாவை வைத்து யாரும் படம் எடுக்கவில்லை. அவர் அடுத்த வெங்காய நடுகைக்குத் தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்து வரம்பில் நின்று, நடுகிற ஆட்களை ஏசிக்கொண்டிருந்தார். வாசுகி இப்போது என் கதிரையில் இருக்கிறா. சுபத்திரா வரும்போதெல்லாம் பயிற்சியில் ஒரு நாளை அவவிடம் விட்டுவிடுவதாகக் கேள்வி. அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஓய்வுபெறுவதற்கு முந்தின கிழமை நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சுன்னாகத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிற ஒருவரிடம் போனேன். எனக்கு இருபது வருடப் பழக்கம். மாதாமாதம் வானுக்கு டீசல் போட்டுத் தருவீர்களா என்று கேட்டேன். கேட்டுவிட்டு இருந்தேன். அவர் பேனையை மூடினார், திறந்தார், வாசலைப் பார்த்தார். நான் இருந்தேன்.

"இந்த வருசம் ஏலாது கனகண்ணை. கோவிக்காதேங்கோ" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயில் நல்லாக எறித்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருடத்தில் நான் கேட்டு, ஒருவர் தன் வாயால் ஏலாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை அந்தச் சொல்லை எல்லோருக்காகவும் நானே சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் ஓம் என்று சொல்ல வாயெடுத்தார்கள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை.